இருபத்தோராவது இருக்கை

ஜூன் 3, திங்கள்

விடியும்போதே மழை. குடையில் ஒரு கம்பி வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும். கேகாலை பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கண்டக்டர் மட்டும் "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து ஒரு அம்மா: "இன்னும் முன்னுக்குப் போனா டிரைவர் மடியிலதான் குந்தணும்." பஸ் முழுக்கச் சிரிப்பு. சிங்களம் மட்டும் பேசுகிறவர்களுக்கும் எப்படியோ புரிந்துவிட்டது.

மருந்துக்கடை மாடியில் எங்கள் அறை. கூரை ஒழுகி அசேல ஐயாவின் நாற்காலி நனைந்திருந்தது. எப்போதும் முதலாளி நாற்காலிதான் நனைகிறது.

இந்த வாரம் வேறு நினைப்பே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஓமிச் சீட்டாட்டப் போட்டி. கட்டாரில் வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்கள் நடத்துவது. ஜோடியில் ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. அதுதான் விதி. புருஷன் அங்கே, பெண்சாதி இங்கே. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. நாலு பேர் ஒரு மேசை, எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு கட்சி. மேசை மட்டும் எங்கள் சர்வரில். ஃபோனில் தெரிகிற சீட்டும் பொத்தானும் என் வேலை. நாலு ஃபோனையும் நடுவில் நின்று சேர்த்துவைக்கும் சர்வர், தர்ஷினியின் வேலை. முன்பு இருந்தவர் விட்டுப்போனதை அவள் எடுத்து நடத்துகிறாள்.

நல்லபடி நடந்தால் ஒரு கொழும்புக் கம்பனி கரம் போர்ட் விளையாட்டையும் எங்களிடமே தரும். நடக்காவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றார் அசேல ஐயா. சொல்லிவிட்டு டீயைக் குடிக்க மறந்துபோனார்.

பிற்பகல் சோதனை ஆட்டம். என் ஃபோனில் வேண்டுமென்றே டேட்டாவை நிறுத்தி, மறுபடி போட்டேன். உள்ளே வந்தேன், ஒரு சீட்டு போட்டேன். அவ்வளவுதான். மேசை அப்படியே நின்றுவிட்டது. நாலு ஃபோனிலும் "அடுத்தவருக்காகக் காத்திருக்கிறோம்".

தர்ஷினி கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு வெகு நேரம் திரையைப் பார்த்தாள். யோசிக்கும்போது அவளுக்குத் தலைமுடி அவிழ்ந்துதான் இருக்கும்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன். இருபத்தோராவது இருக்கைக்காரர் ஆடட்டும்னு சர்வர் காத்துக்கிட்டு இருக்கு."

"மேசைக்கு நாலு பேர்தானே?"

"அதான் நானும் யாருன்னு தேடுறேன்."

தேடியதில் தெரிந்தது: லைன் அறுந்து திரும்ப வரும்போது ஃபோன் தன் இருக்கை எண்ணை எண்ணாக அனுப்பவில்லை, எழுத்தாக அனுப்பியிருக்கிறது. அடுத்த ஆள் யாரென்று அறிய சர்வர் ஒன்றைக் கூட்டிப் பார்க்கும்: இரண்டோடு ஒன்றைக் கூட்டினால் மூன்று. எழுத்து இரண்டோடு ஒன்றைச் சேர்த்தால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருபத்தொன்று. பிறக்காத ஒரு ஆளுக்காக நாலு பேர் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு. என் வீட்டுக்காரர் யூட், தோட்டத்து லொறியின் ஏதோ பாகத்தைக் கழற்றி சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார். கிறீஸ் நாற்றம். சண்டை போடச் சக்தி இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

மழை. சாக்ஸ் ஈரம். நாள் முழுக்க வெறுங்கால்.

காலையில் அறையில் வாக்குவாதம். அசேல ஐயா சொல்வதிலும் நியாயம் இருந்தது. "அந்த ஒரு இடத்துல எழுத்தை நம்பரா மாத்திட்டு முடிங்க நங்கி. வெள்ளிக்கெழமை வந்துட்டுதே." அவர் தமிழ் எங்களோடு பேசிப் பேசிப் பழகியது, தோட்டத்துத் தமிழ்; "நங்கி", தங்கச்சி என்பது மட்டும் சிங்களத்தில்.

தர்ஷினி குரலை உயர்த்தவே இல்லை. "அந்த ஒரு இடம் எதுன்னு நமக்குத் தெரியும் ஐயா. அடுத்த இடம் எதுன்னு தெரியாதே."

சொல்லிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். 

பழைய சர்வரை எனக்குத் திறந்து காட்டினாள். ஒரே கோப்பு. மழைக்காலத்து ஓடை மாதிரி நீளம். எந்தச் செய்தி வந்தாலும் அதில்தான் விழும். "சீட்டு போட்டேன்", "துரும்பு சொன்னேன்" (எந்த இனம் வெட்டும் என்று சொல்வது), "திரும்ப வந்துவிட்டேன்" எல்லாம். உள்ளே என்ன வந்திருக்கிறது என்று சில இடத்தில் பார்க்கிறார்கள், சில இடத்தில் மறந்துவிட்டார்கள். ஆடுபவர் மேசையில் இருக்கிறாரா, அவர் முறைதானா என்ற கேள்வி, ஒரே வரிகளாகத் திரும்பத் திரும்ப. ஒன்றில் மட்டும் பிழை.

மருந்துக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து விளக்கினாள்.

"மொதல்ல ஒவ்வொரு செய்தியும் என்னன்னு ஒரே எடத்துல எழுதிருவோம் அக்கா. பேரு என்ன, உள்ள என்ன இருக்கணும், அது நம்பரா எழுத்தா, பதிலா என்ன போகும். ஒங்க ஃபோனும் அதைத்தான் படிக்கும், சர்வரும் அதைத்தான் படிக்கும். ரெண்டு பேரும் வேற வேறயா நெனச்சுக்கவே முடியாது."

"தப்பா வந்தா?"

"வாசல்லயே நிறுத்திருவோம். வாசல்ல ஒரு தடவை சரியா பார்த்து உள்ள விட்டா, உள்ள உள்ளவங்க ஒவ்வொருத்தரும் சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. அவங்க வேலையை அவங்க பார்க்கலாம்."

செய்தியைக் கையாளும் துண்டுக்கு எங்கள் பேச்சில் ஹேண்ட்லர். அவள் எழுதும் ஹேண்ட்லர் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். யார், எந்த மேசை, யார் முறை என்பதெல்லாம் தனியாக ஒரு உறை. ஒரு தடவை எழுதி, எந்த ஹேண்ட்லருக்கும் போட்டுக்கொள்ளலாம். கரம் வந்தாலும் அதே வாசல், அதே உறை. காய் அடிப்பதும் ஸ்ட்ரைக்கர் வைப்பதும் மட்டும் புதிதாக எழுத வேண்டும்.

பிறகு ஒரு வேடிக்கை காட்டினாள். புதிதாக ஒரு செய்தியைப் பட்டியலில் சேர்த்தாள், அதற்கு ஹேண்ட்லர் எழுதவில்லை. எழுதியதைச் சரிபார்த்துக் கட்டும் கம்பைலர் மறுத்துவிட்டது. சிவப்புக் கோட்டின் கீழே ஆங்கில வார்த்தைகளுக்கு நடுவில் தமிழில்: இதுக்கு_ஆள்_இல்லை. அந்தப் பெயரை அவளே வைத்திருக்கிறாள்.

"மொகத கியன்னே?" என்ன சொல்கிறது என்று அசேல ஐயா எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன். சிரித்துவிட்டார். சிரித்ததால்தான் ஒத்துக்கொண்டாரோ என்னவோ. வியாழன் மதியம் வரை அவகாசம். அதற்குள் முழுதாக ஓடாவிட்டால் பழையதில் ஒட்டுப் போட்டுப் போட்டியை நடத்துவோம்.

எனக்குக் கொஞ்சம் பொறாமை. என்னைவிட வயதில் இளையவள். எவ்வளவு நாளாக அந்த ஓடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பாலம் போடத் தோன்றவில்லையே. பொறாமையை டீயோடு விழுங்கினேன். மிச்சம் இருந்தது வியப்புதான்.

வாங்க: பருப்பு, நெருப்புப்பெட்டி, யூட்டுக்குப் பல்வலி மாத்திரை. (மருந்துக்கடைக்கு மேலேயே வேலை, ஆனாலும் மறந்துவிடுகிறேன்.)

ஜூன் 5, புதன்

மழை என்று எழுதவே பயமாக இருக்கிறது. பஸ்ஸில் அரநாயக்கப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே மலையையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே மலை சரிந்து மண் இறங்கிய வருஷத்தை யாரும் மறக்கவில்லை.

தர்ஷினியின் வீடும் அந்தப் பக்கம். ரப்பர் தோட்டம், மேல் டிவிஷன் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். லயத்துக்குப் பின்னாலேயே சரிவு. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மா, ஒரு தங்கை.

காலை முழுக்க வேகமாக எழுதினாள். பார்க்கவே அழகு. அவசரப்படாமல் வேகம். மேசையில் உட்கார்வது, சீட்டுப் போடுவது, பேச்சுப் பெட்டி எல்லாம் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. ஒவ்வொன்றும் முடிய கிளிப்பைப் போட்டு முடியைக் கட்டுவாள், அடுத்ததுக்கு அவிழ்ப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மாவிடமிருந்து ஃபோன். ஸ்பீக்கரில் இல்லாமலேயே கேட்டது, அவ்வளவு சத்தம். "கிராம சேவகர் வந்து எல்லாரையும் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாரு. ஒங்கப்பா வர மாட்டேங்கிறாரு. மாட்ட விட்டுட்டு வர மாட்டாராம். நீ சொன்னாத்தான் கேப்பாரு, வாடி."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"யன்ன நங்கி, யன்ன!" போ, போ என்று அசேல ஐயாதான் விரட்டினார். தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவளுக்கு அது முழங்காலுக்குக் கீழே வந்தது. லேப்டொப்பை நனைக்க வேண்டாம் என்று மேசையிலேயே வைத்தாள். எழுதியதையெல்லாம் நானும் எடுக்கும்படி பொதுவில் ஏற்றிவிட்டாள்.

"மிச்சத்தை ஜெசிந்தாக்கா முடிச்சிருவாங்க ஐயா."

என்னைத்தான் சொன்னாள். "எனக்கு சர்வர் தெரியாதே தர்ஷினி."

"தெரிய வேண்டாம் அக்கா. செவப்பா வர்றதை ஒவ்வொண்ணா பாருங்க. அது சொல்ற மாதிரி செய்ங்க. வழி விட்டுத்தான் போறேன்."

படி இறங்கிப் போகும் சத்தம். மழைக்கோட் சரசரவென்று.

மாலையில் ஃபோன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை.

ஜூன் 6, வியாழன்

அவள் நம்பர் இன்னும் அணைந்தே இருக்கிறது. அரநாயக்க ரோட்டில் மரமும் மண்ணும் விழுந்து பஸ் ஓடவில்லை. யூட் விடியும் முன்பே கிளம்பினார். தோட்டத்து டிரக்டரில் முடிந்த தூரம் போய்ப் பார்க்கிறேன் என்றார். பல்வலியோடு.

நான் கேகாலைக்கு வந்தேன். வேறு என்ன செய்வது? வீட்டில் உட்கார்ந்தால் மலைதான் கண்ணில் நிற்கும்.

அசேல ஐயா: "ஒட்டுப் போட்டே நடத்துவோம் நங்கி. அந்தப் பிள்ளை இல்லாம முடியாது." மதியம் வரை நேரம் கேட்டேன். அவள்தானே அதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

அவள் எழுதியதைத் திறந்தேன்.  கம்பைலரை ஓடவிட்டு பில்ட் போட்டேன். சிவப்பு. இதுக்கு_ஆள்_இல்லை: துரும்பு சொல்வதற்கு. இதுக்கு_ஆள்_இல்லை: ஆட்டத்தை விட்டுப் போவதற்கு. இதுக்கு_ஆள்_இல்லை: திரும்பச் சேர்வதற்கு. என்ன மிச்சம் என்று தேட வேண்டியதே இல்லை. அதுவே வாசித்துக் காட்டுகிறது. அந்த இடத்தில் அவளே பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. நின்று பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து, மூக்கைச் சிந்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

துரும்பு எளிது. அவள் எழுதிய சீட்டுப் போடும் ஹேண்ட்லரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே அச்சில் எழுதினேன். உள்ளே வருவது என்னவென்று கம்பைலருக்கு முன்பே தெரியும். ஒரு புள்ளி வைத்தால் என்னென்ன இருக்கிறது என்று காட்டுகிறது. ஒரு இடத்தில் தப்பாக எழுதினேன், முடிக்கும் முன்பே சிவந்துவிட்டது.

திரும்பச் சேர்வதில்தான் மாட்டிக்கொண்டேன். லைன் அறுந்து வருபவருக்கு மேசை எப்படி இருக்கிறது என்று அனுப்ப வேண்டும். சுலபம்தானே என்று மேசையை முழுசாக எடுத்துப் பதிலில் போட்டேன். சிவப்பு. வேறு மாதிரி போட்டேன். சிவப்பு. எரிச்சல் வந்தது. இதில் என்ன பிழை என்று அவளைத் திட்டவும் செய்தேன், வாய்விட்டு.

பிறகுதான் வாசித்தேன். பதிலில் "சொந்தக் கை" மட்டுமே போகலாம். மேசைக்குள் நாலு பேரின் சீட்டும் இருக்கிறது. நான் அதை அப்படியே அனுப்பியிருந்தால், லைன் அறுந்து திரும்ப வரும் எவருக்கும் மற்ற மூன்று பேரின் சீட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். திரையில் தெரியாது, ஆனால் ஃபோனுக்குள் இருக்கும், தோண்டத் தெரிந்தவன் எடுத்துப் பார்க்கலாம். போட்டி நாறியிருக்கும். எனக்குத் தெரியாமலேயே செய்திருப்பேன்.

அவள் "சொந்தக் கை" ஒன்று, "மேசை" ஒன்று என்று தனித்தனி வகையாகப் பிரித்து, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது போகவே முடியாதபடி செய்து வைத்திருக்கிறாள். எங்கே கால் வழுக்கும் என்று முன்கூட்டியே நடந்து பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் கைப்பிடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

 இப்படி ஒரு மூளை அந்த மழைக்குள் எங்கே நிற்கிறதோ.

மதியம் பில்ட் ஓடியது. ஒரு சிவப்பும் இல்லை. அசேல ஐயா, அவர் மனைவி, கீழே மருந்துக்கடைப் பெண், நான். நாலு ஃபோன். லைனை அறுத்தோம், திரும்ப வந்தோம். குப்பையாகச் சில செய்திகளை நானே அனுப்பிப் பார்த்தேன். வாசலிலேயே நின்றுவிட்டன, என்ன வந்தது, ஏன் திருப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மேசை அசையவில்லை. மருந்துக்கடைப் பெண் எங்கள் எல்லோரையும் ஜெயித்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

"வெள்ளிக்கெழமை ஏதாவது ஆனா யார் பார்ப்பா?" என்றார் அசேல ஐயா.

"நான் பார்க்கிறேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

மாலை. யூட் வந்தார். முழங்கால் வரை சேறு. வாசலில் நின்றே சொன்னார்: "இருக்காங்க. எல்லாரும் இருக்காங்க." அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

லயத்துக்கு மேலே மண் இறங்கியிருக்கிறது. தர்ஷினி வீட்டுக் குசினியும் பின்சுவரும் போய்விட்டன. அப்போது லயத்தில் ஒருவரும் இல்லை, முன்னாடியே ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். ஃபோன் ஓட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டதாம்.

"தர்ஷினி ஒன்னைப் பத்திக் கேட்டுச்சு. ஓமி ஓடுதா, அக்கா முடிச்சாங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? முடிச்சிருப்பான்னு சொன்னேன்."

அப்போதுதான் அழுதேன். அவருக்கு வெந்நீர் வைக்கவும் மறந்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

மழை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வானம் இன்னும் கறுப்பு.

போட்டி மாலையில். அசேல ஐயா சட்டை மாற்றிக்கொண்டு வந்தார், யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும். நான் மாதா படத்தை லேப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பக்கத்துக்குப் புத்தர் ஏற்கனவே சுவரில்.

மேசைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பெயர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் தோட்டத்துப் பெயர்கள், சிங்களப் பெயர்கள், கலந்து. பேச்சுப் பெட்டியில்: "அம்மா, கண்ணாடி போட்டுட்டு ஆடுங்க." "துரும்பு நீ சொல்லு புள்ள." "கோமத அய்யே?" (எப்படி அண்ணா?) "சாப்பிட்டியா?" சாப்பிட்டியா என்பதுதான் நிறைய.

ஆரம்பத்திலேயே வாசலில் சிலர் நின்றார்கள், நேற்று நான் அனுப்பிய புது ஆப்பை இன்னும் போட்டுக்கொள்ளாதவர்கள். பழைய ஆப். பழைய மாதிரிச் செய்தி. முன்பு என்றால் அவர்களோடு மேசையே விழுந்திருக்கும். இப்போது அந்த ஒரு ஃபோனுக்கு மட்டும் "புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று போகிறது, மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொருவராகப் புதியதைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் பார்க்கவில்லையே என்றும் இருந்தது.

இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அண்ணன் தங்கை, சிங்களக் குடும்பம். மறுபக்கம் செல்வமலர், நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவள் புருஷன் ரவி, கட்டாரில். பாதி ஆட்டத்தில் செல்வமலர் போய்விட்டாள். தோட்டத்தில் கரண்ட் இல்லை, ஃபோன் செத்துவிட்டது.

ரவி பேச்சுப் பெட்டியில்: "மலர்?" கொஞ்சம் கழித்து: "மலர் இருக்கியா?"

திரும்பி வரக் கொடுக்கும் நேரம் ஓடுகிறது, முடிந்தால் தோல்விதான். பிறகு வாசலில் ஒரு வரி. செல்வமலர்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனிலிருந்து. அதில் பழைய ஆப். வாசல் அவளைத் திருப்பிவிட்டது.

அசேல ஐயா எழுந்து நின்றார். "கதவைத் தெறந்து விடுங்க நங்கி! ஒரே ஒரு தடவை. பவ் அந்தப் பிள்ளை."

பாவம்தான். எனக்கும் கை போனது. அந்தச் சோதனையை நிறுத்த ஒரு வரி போதும். ஆனால் அந்தப் பழைய ஆப்பைத்தான் திங்கட்கிழமை பார்த்தோமே. இருக்கை எண்ணை எழுத்தாக அனுப்புவது அதுதான். திறந்தால் அவள் உள்ளே வருவாள், ஒரு சீட்டு போடுவாள், பிறகு நாலு பேருக்கும் ஆட்டம் முடிந்துவிடும்.

"தெறந்தா நாலு பேரும் விழுவாங்க ஐயா. வேணாம்."

"நேரம் முடியப் போகுதே!"

"எதிர்க் கட்சிக்கிட்ட கேப்போம். காத்திருப்பாங்களான்னு."

அவர் சிங்களத்தில் எழுதிக் கேட்டார். தங்கையிடமிருந்து உடனே பதில்: "கமக் நே, இன்னம்." பரவாயில்லை, இருக்கிறோம். அண்ணன் ஒரு டீக்கோப்பைப் படம் போட்டார்.

எல்லோரும் காத்திருந்தோம். இந்தத் தடவை உண்மையான ஒரு ஆளுக்காக.

வந்துவிட்டாள். புது ஆப். அவள் கையில் அவள் சீட்டுகள், அவை மட்டும். மேசையில் நடுவில் கிடந்தது கிடந்தபடி. நான் எழுதிய அந்த ஹேண்ட்லர்தான். 

தோற்றுவிட்டார்கள். கடைசிச் சீட்டு வரை இழுத்துத் தோற்றார்கள். ரவி: "என்னால்தான். அந்த ஆஸ் சீட்டை முன்னாடியே போட்டிருக்கணும்." செல்வமலர்: "விடுங்க. இவ்ளோ நேரம் எதிர எதிர உக்காந்திருந்தோம்ல."

அசேல ஐயாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 8, சனி

ரோடு ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள். யூட்டோடு ஸ்கூலுக்குப் போனேன். கொண்டுபோனது: பாய், என் சல்வார்கள், சவர்க்காரம், பழைய ஃபோன் ஒன்று, பாண், வாழைப்பழம். அசேல ஐயா தந்த பால்மா.

நெட்போல் கம்பத்தில் ஒரு மாடு கட்டியிருந்தது. தர்ஷினியின் அப்பா அதற்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பறை மூலையில் தர்ஷினி. முகம் வற்றியிருந்தது. அசேல ஐயாவின் மழைக்கோட் ஜன்னலில் காய்கிறது. என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "குசினி போச்சு அக்கா. அம்மா அடுப்புக்கிட்ட வச்சிருந்த எல்லாம் போச்சு. அப்பாவை எப்படிக் கூட்டிட்டு வந்தேன் தெரியுமா? மாட்டை அவுத்துக்கிட்டு நான் முன்னாடி நடந்தேன். மாட்டுக்குப் பின்னாடி அவரு வந்துட்டாரு."

பிறகு போட்டியை முழுசாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மேசையை முழுசாக அனுப்பப் பார்த்ததையும், கம்பைலர் தடுத்ததையும், அவளைத் திட்டியதையும் சொன்னேன்.

சிரித்தாள். "நானும் அதேதான் அனுப்பப் போனேன் அக்கா, எழுத ஆரம்பிச்ச அன்னிக்கு. அப்புறம்தான் பயந்துபோயி ரெண்டையும் பிரிச்சேன். நாம களைச்சுப் போயிருக்கிற நாளுல நம்மள நாமே நம்ப முடியாதில்ல. அந்த நாளுக்குன்னு எழுதினது."

எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட எழுதுகிறவர்களைத் தெரியும். தான் சோர்ந்துபோகும் நாளை நினைத்து, தன் இடத்தில் வேறொருத்தி தனியாக உட்காரும் நாளை நினைத்து எழுதுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவள் அம்மா வந்து, தோட்டத்து ஆட்கள் பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னார். இனி அந்த லயத்தில் இருக்க முடியாதாம். எங்கே போவது என்று இன்னும் தெரியாது.  தர்ஷினி கிளிப்பை எடுத்து வாயில் வைத்தாள். யோசிக்கவில்லை. சும்மா கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். அப்பா மாட்டை விட மாட்டார், அம்மா அப்பாவை விட மாட்டார், தங்கை அம்மாவை. கடைசியில் அம்மாவே அவளைத் தள்ளிவிட்டார். "நீ போயி ஒரு நாளாவது படுத்து எந்திரி. புதன்கிழமையிலருந்து கண்ண மூடல இவ."

லொறியில் எனக்கும் யூட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

வெயில். நம்ப முடியவில்லை.

காலைப் பூசைக்குப் போய் வந்தேன். தர்ஷினி முன்னறையில் தூங்குகிறாள். போட்டது போட்டபடி கிடக்கிறாள். யூட்டை லொறி ஸ்டார்ட் பண்ண விடவில்லை. கோழிக்கறி வைத்தேன், மூடி வைத்திருக்கிறேன். அவள் துணிகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன், சேறு எளிதில் போகவில்லை.

பகல். அசேல ஐயா ஃபோனில். குரலிலேயே தெரிந்தது.

"ஜெசிந்தா நங்கி, கொழும்புலருந்து பேசினாங்க. கரம் நமக்குத்தான்! ஆனா சர்வர் செஞ்ச ஆளோட இப்பவே பேசணுமாம். தர்ஷினி ஒங்க வீட்டுலதானே?"

"தூங்குறா ஐயா."

"அஞ்சு நிமிசம் எழுப்புங்களேன்."

"மாட்டேன். நம்பரைக் குடுங்க, நான் பேசுறேன்."

 "ஹரி," சரி என்று நம்பரைச் சொன்னார்.

முற்றத்துக்குப் போய், சத்தம் உள்ளே போகாதபடி பேசினேன். வாசல் என்ன செய்கிறது, உறை என்ன செய்கிறது, கரத்துக்கு எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைப் புதிதாக எழுத வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எனக்கே ஆச்சரியம். கடைசியில் கொழும்புக்காரர், "இதை யோசிச்சுச் செஞ்சது நீங்கதானா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். தர்ஷினியின் முழுப் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். தப்பாக எழுதிவிடக் கூடாது என்று, திரும்ப வாசிக்கச் சொல்லியும் கேட்டேன்.

கொடியில் அவள் துணி இன்னும் காயவில்லை. வெயில் பக்கம் திருப்பிப் போட்டேன்.